எலியேசரின் வலது முழங்கை

டிசம்பர் வந்தால் வெர்ன் ஹெய்ட்மனுக்கு ஒரு வியாதி வரும். பேஸ்பால் ஆட்டம் எல்லாம் முடிந்து மைதானத்தில் பனி மூடிக் கிடக்கும் மாதம் அது. அணி முதலாளிகள் எங்கோ ஒரு ஓட்டலில் கூடி, உன் ஆளை எனக்குக் கொடு, என் ஆளை நீ எடுத்துக்கொள் என்று பேரம் பேசுவார்கள். அந்தப் பேரத்தைத் தன்னிடம் விட்டால் ஒரே மதியத்தில் தன் அபிமான ஹெரான்ஸ் அணியைத் தூக்கி நிறுத்திவிடலாம் என்பது வெர்னின் எண்ணம். முதலாளிகள் அவனைக் கேட்பதாக இல்லை. அதனால் அவன் ரேடியோவைப் பிடித்துக்கொண்டான்.

மாலை நாலு மணிக்கு டக் மெரிடித் நடத்தும் நிகழ்ச்சி. யார் வேண்டுமானாலும் போன் போட்டு அணிக்கு யோசனை சொல்லலாம். யோசனை சொல்பவனைக் கிழித்துத் தொங்கவிடுவதுதான் மெரிடித்தின் பிழைப்பு. அயோவா மாகாணத்து ஆற்றங்கரை ஊரிலிருந்து வருஷா வருஷம் கூப்பிடும் வெர்ன் அவனுக்கு அல்வாத் துண்டு மாதிரி.

"வாங்க வாங்க, நம்ம ஆத்தங்கரைப் பெரியவர் வந்துட்டாரு. என்ன பெரியவரே, போன வருஷம் ரெண்டு ஒடிஞ்ச மட்டையைக் குடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்கச் சொன்னீங்க. இந்த வருஷம் என்ன, ஒரு வாளி உருளைக்கிழங்கா?"

ஊர் முழுக்க இதைக் கேட்கும். மறுநாள் காலையில் காபிக் கடையில் வெர்ன் நுழைந்தால், "உருளைக்கிழங்கு என்ன விலை?" என்று எவனாவது கேட்பான். வெர்ன் சிரித்துக்கொண்டே உட்காருவான். உள்ளே எரியும். மக்காச்சோள ஆலையில் வாழ்நாள் முழுக்க உழைத்து ஓய்வு பெற்றவன். ஒரே ஒரு முறையாவது அந்த மெரிடித் வாயடைத்துப்போக வேண்டும், அதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஆசைப்பட்டது குற்றமில்லை. அதற்கு என்ன கொடுத்தான் என்பதுதான் விஷயம்.

வெர்னுக்கும் அவன் மனைவி ஆர்லீனுக்கும் பிள்ளைகள் இல்லை. ஹெரான்ஸ் அணியின் இளம் பையன்கள் பெரிய லீக் ஆட்டத்துக்குப் போகும் முன் விளையாடிப் பழகும் அணி ஒன்று அவர்கள் ஊரில்தான் இருந்தது. அந்தப் பையன்களுக்குச் சம்பளம் சொற்பம், வாடகைக்கு வீடு எடுக்க முடியாது. அதனால் கோடைக்காலம் வந்தால் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பையனை வீட்டில் வைத்துக்கொள்வார்கள். ஹெய்ட்மன் வீட்டின் கீழ்த்தள அறையில் இப்படிப் பல பேர் வந்து தங்கிப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான், ஒரு கிறிஸ்துமஸ் அட்டைகூட வராது.

எலியேசர் பௌலினோ அப்படி இல்லை. டொமினிக்கன் நாட்டில் அசுவா என்ற ஊரிலிருந்து வந்த பிட்ச்சர். வலது கையால் அவன் பந்தெறிந்தால் மட்டைக்காரன் கண்ணைச் சிமிட்டுவதற்குள் பந்து போய்விடும். தொடர்ந்து மூன்று கோடை அந்த வீட்டிலேயே தங்கினான். முதல் கோடையில் ஆர்லீனுக்கு வாழைக்காய் வறுக்கக் கற்றுக்கொடுத்தான். இரண்டாவது கோடையில் அவளை அம்மா என்றும் வெர்னை அப்பா என்றும் தன் பாஷையில் கூப்பிட ஆரம்பித்தான். முதல் முறை அப்படிக் கூப்பிட்டபோது வெர்ன் காரைக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய் வெகுநேரம் நின்றான். கார் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மூன்றாவது கோடையின் கடைசியில், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், வெர்ன் சமையலறைக்கு வந்தபோது எலியேசர் உறைந்த பட்டாணிப் பையை வலது முழங்கையில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தான். இடது கையால் சட்டைப் பித்தானைப் போடப் பார்த்துத் தடுமாறினான்.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லப்பா. கொஞ்சம் வலி."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

எலியேசர் எழுந்து கதவைச் சாத்தினான். "அப்பா, கேளுங்க. என்கூட இருந்த ஆபேல் ஞாபகம் இருக்கா? முழங்கை வலிக்குதுன்னு வாயைத் தொறந்தான். அடுத்த வருஷம் ஊருக்கு அனுப்பிட்டாங்க. இப்ப மோட்டார் சைக்கிள்ல ஆள் ஏத்திட்டு இருக்கான். எனக்கும் இருபத்துநாலு ஆச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பெரிய லீக் மைதானத்துல நின்னுட்டேன்னா போதும். அப்புறம் கை ஒடிஞ்சாலும் அவங்களே பார்த்துப்பாங்க. அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"நான் எதுக்குடா சொல்றேன்?" என்றான் வெர்ன். பித்தானையும் அவனே போட்டுவிட்டான். ஆர்லீனிடம்கூட அவன் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் உண்மையாகவே வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தான், டிசம்பர் வரும் வரை.

அன்று வெர்ன் நன்றாகத் தயாராகித்தான் போன் போட்டான். மேற்குக் கடற்கரை அணி ஒன்றில் கர்ட் லாங்ஸ்ட்ராம் என்று ஒரு மட்டை வீரன் இருந்தான். அவன் ஹெரான்ஸுக்கு வர வேண்டும் என்பது வெர்னின் பல வருஷக் கனவு. அவனுக்குப் பதிலாக இரண்டு சுமாரான ஆட்களின் பெயரைச் சொன்னான்.

மெரிடித் விழுந்து விழுந்து சிரித்தான். "பெரியவரே, அந்த ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டினாலும் லாங்ஸ்ட்ராமோட ஷூ வாங்க முடியாது. அவங்க கேக்கப்போறது பௌலினோவை. குடுப்பீங்களா?"

வெர்ன் ஒரு கணம் தயங்கினான். பிறகு, "குடுக்கலாம்" என்றான்.

"கேட்டீங்களா மக்களே! நம்மகிட்ட இருக்கிற ஒரே நல்ல இளம் கை, அதைத் தூக்கிக் குடுக்கச் சொல்றாரு. ஆலையில தலையில மூட்டை கீட்டை விழுந்துச்சா பெரியவரே?"

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டது. வெர்னுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"விலை இருக்கும்போதே தள்ளிவிடணும் தம்பி. எனக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியாது."

"அப்படி என்ன தெரியும் உங்களுக்கு?"

"சட்டைப் பித்தானை இடது கையால போடுற பிட்ச்சரை நீ பார்த்திருக்கியா? முழங்கையில பட்டாணிப் பையைக் கட்டிட்டு உக்காந்திருக்கிறவனைப் பார்த்திருக்கியா? நான் பார்த்திருக்கேன். அவன் என் வீட்டு மேசையில சாப்பிடுறவன்."

ரேடியோவில் சத்தமே இல்லை. மெரிடித்தின் வாய் அடைத்துப்போயிருந்தது. வெர்ன் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த அந்த மௌனம் வந்தேவிட்டது. நன்றாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். அது இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். சமையலறை வாசலில் ஆர்லீன் கைத்துணியோடு நின்றுகொண்டிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் அவளுடைய ரேடியோவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அந்தப் பையனையா சொன்னே?" என்றாள்.

"பேச்சுவாக்குல வந்துருச்சு. இதையெல்லாம் யார் கேக்கப்போறாங்க?"

"ஊரே கேக்குது வெர்ன். அதுக்குத்தானே நீ போன் போடுறே?"

மறுநாள் காலையில் அசுவாவிலிருந்து எலியேசர் போன் செய்தான். மூச்சு வாங்கப் பேசினான்.

"அப்பா! உங்களுக்கு ஒண்ணு சொல்லவா? என் ஏஜென்ட் சொன்னான். என்னை மேற்குக் கடற்கரை அணிக்கு மாத்துறாங்க. யாருக்குப் பதிலாத் தெரியுமா? லாங்ஸ்ட்ராம்! நீங்க எப்பவும் சொல்லுவீங்களே, அதே லாங்ஸ்ட்ராம்! அவங்ககிட்ட பிட்ச்சர் பஞ்சம். ஏப்ரல்ல நேரா பெரிய லீக். ஏப்ரல்லப்பா!"

வெர்ன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். "முடிஞ்சிருச்சா? கையெழுத்தாயிருச்சா?"

"டாக்டர் காகிதம் மட்டும்தான் பாக்கி. ஹெரான்ஸ்கிட்ட இருக்கிற காகிதத்துல என் கை சுத்தமா இருக்கு. அதையே எடுத்துப்பாங்களாம். ரெண்டு நாள்ல அறிவிச்சிடுவாங்க. முதல் பந்து அம்மாவுக்குன்னு சொல்லிடுங்க. மைதானத்துல உங்க ரெண்டு பேருக்கும் முன் வரிசையில சீட்டு. அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

"சந்தோஷம்தானே?"

"ரொம்ப சந்தோஷம்" என்றான் வெர்ன். போனை வைத்தான். கனவில்கூட அவன் இப்படி ஒரு பேரத்தை எதிர்பார்த்ததில்லை. அவன் அணிக்கு அவன் கேட்ட ஆள், அவன் பையனுக்குப் பெரிய லீக். இரண்டையும் சேர்த்துக் கடவுளே தட்டில் வைத்து நீட்டியிருந்தார். அந்தத் தட்டின் மேல் அவன் முந்தின நாளே மண்ணை வாரிப் போட்டிருந்தான்.

யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று முதலில் தன்னைத் தேற்றிக்கொண்டான். கிழவன் ஏதோ உளறினான் என்று விட்டுவிடுவார்கள். மத்தியானம் வரை அந்தத் தேறுதல் தாங்கியது. காபிக் கடையில் அன்று எவனும் உருளைக்கிழங்கைப் பற்றிக் கேட்கவில்லை. "பௌலினோ கைக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டார்கள்.

அப்புறம் செய்ததுதான் இன்னும் பெரிய முட்டாள்தனம். ஆர்லீன் வேண்டாம் என்றாள். "விட்டுடு வெர்ன். நீ பேசப் பேசத்தான் அது பெருசாகும்." அவன் கேட்கவில்லை. வாயால் கெடுத்ததை வாயாலேயே சரிசெய்துவிடலாம் என்று நாலு மணிக்கு மறுபடியும் போன் போட்டான்.

"நேத்து நான் சொன்னது பொய்" என்றான். "சும்மா உன்னை மடக்கிறதுக்காகச் சொன்னேன். பையன் கை நல்லா இருக்கு."

இந்த முறை மெரிடித் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, மரியாதையாகக் கேட்டான். "பெரியவரே, இத்தனை வருஷமா நான் உங்களைக் கிண்டல் பண்றேன். ஒரு நாளாவது நீங்க சொன்னதை வாபஸ் வாங்கியிருக்கீங்களா?"

"இல்ல, ஆனா..."

"பௌலினோ உங்க வீட்டுலதானே தங்குறான்?"

"தங்குறான்."

"பட்டாணிப் பை பொய்யா?"

வெர்ன் வாயைத் திறந்தான். அவனுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை, அதிலும் கேள்வி நேராக வந்தால் தடுமாறுவான். "அது... அது வேற எதுக்கோ இருக்கும்" என்றான்.

அவ்வளவுதான். மறுநாள் காலைப் பத்திரிகையில் வந்துவிட்டது. மேற்குக் கடற்கரைக்காரர்கள் பழைய காகிதம் வேண்டாம், எங்கள் டாக்டரே புதிதாகப் படம் எடுக்கட்டும் என்றார்கள். எலியேசரை விமானத்தில் வரவழைத்து முழங்கையைப் படம் எடுத்தார்கள். தசைநார் பாதி கிழிந்திருந்தது. ஆள் மாற்றம் இல்லை என்று அன்றே சொல்லிவிட்டார்கள். லாங்ஸ்ட்ராம் வேறொரு அணிக்குப் போனான்.

ஊரில் வெர்னுக்கு அதற்குப் பிறகு நல்ல பெயர் இல்லை. பையனுக்கு என்ன ஆனது என்று கவலைப்பட்டவர்கள் குறைவு. கிழிந்த கையை அவர்கள் தலையில் கட்டி லாங்ஸ்ட்ராமை வாங்கியிருக்கலாமே, கெடுத்துவிட்டானே என்றுதான் பொருமினார்கள். மெரிடித் ஒரு வாரம் இதையே வைத்து நிகழ்ச்சி நடத்தினான். எலியேசருக்கு வெர்ன் எத்தனையோ தடவை போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆர்லீன் போட்டால் மட்டும் எடுத்தான், இரண்டு வார்த்தை பேசினான்.

மார்ச் மாதம் அவன் வந்தான். ஜனவரியில் அறுவைச் சிகிச்சை முடிந்து, வலது கை இரும்புப் பட்டைக்குள் மடங்கியிருந்தது. கீழ்த்தள அறையில் கிடந்த பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகப்போகிறான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அணியில் சொல்லியிருக்கிறார்களாம்.

"எல்லார்கிட்டயும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்றான் ஆர்லீனிடம். "ஆபேல்கிட்டயும் சொன்னாங்க."

அவள் வாழைக்காய் வறுத்திருந்தாள். இடது கையால் சாப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்றான். வெர்ன் எதிரே உட்கார்ந்து உப்பை அவன் பக்கம் நகர்த்தினான்.

"தேங்க்ஸ், மிஸ்டர் ஹெய்ட்மன்."

அவன் ஏசினால்கூட வெர்ன் தாங்கியிருப்பான், தட்டைத் தூக்கி எறிந்தால்கூடச் சரி என்று இருந்திருப்பான். பையன் வங்கி குமாஸ்தாவிடம் பேசுவது மாதிரி மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தான்.

கிளம்பும் நேரம் வந்தது. எலியேசர் கோட்டை மாட்டிக்கொண்டு, இடது கையால் பித்தானோடு போராடினான். வெர்ன் எழுந்து போய்க் கையை நீட்டினான். எலியேசர் ஓரடி பின்னால் வைத்து, கோபம் எதுவும் இல்லாமல் ஆர்லீன் பக்கம் திரும்பி நின்றான். அவள் கழுத்து வரை பித்தான்களைப் போட்டுவிட்டாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"எலியேசர்," என்றான் வெர்ன், "நான் வேணும்னு பண்ணலடா. அந்த ஆளு என்னை..."

"தெரியும் மிஸ்டர் ஹெய்ட்மன். ஏஜென்ட் அந்த ரேடியோப் பதிவைப் போட்டுக் காமிச்சான். முழுசும் கேட்டேன்." பெட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டான். "அடுத்த மாசம் சீசன் ஆரம்பிக்குது. லாங்ஸ்ட்ராமும் உங்களுக்கு வரலையே. பாவம், உங்களுக்கும் நஷ்டம்தான்."

குத்திக்காட்டுவதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆறுதல் சொன்னான். வெர்னுக்கு இந்த உலகத்தில் எது பெரிது என்று எலியேசர் புரிந்துகொண்டிருந்தது அப்படித்தான்.

ஆர்லீன் காரை எடுத்து அவனைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெர்னை அவர்கள் கூப்பிடவில்லை.