பதிமூன்று அங்குலம்

பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் தூக்கிவந்த தேக்குப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அய்யம்பெருமாள் வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தார். கணவரின் அண்ணன் என்பதால் பஞ்சவர்ணம் முகத்தைச் சுளிக்காமல் இருந்தாள்.

எண்பத்தெட்டாம் வருடம். அரியலூரில் அவள் நடத்திவந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்க வேண்டும். பதினேழு பேர் பெயர் கொடுத்தாயிற்று. கையில் இருப்பதோ கம்ப்யூட்டரின் உயிரான மதர்போர்டு, ஒரே ஒன்று. மெட்ராசிலிருந்து ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தது. அது போனால் வகுப்பும் போச்சு.

போர்டு பன்னிரண்டு அங்குல நீளம். இருபுறமும் அரை அங்குலம் காற்றுக்கு விட்டு, அதை வைக்க உள்நீளம் பதிமூன்றில் ஒரு பெட்டி வேண்டும் என்று அய்யம்பெருமாளுக்குக் கடிதம் எழுதி, போர்டின் அளவுக்கே ஓட்டைகளோடு ஒரு தாளும் வெட்டி அனுப்பியிருந்தாள்.

"உள்ள பதிமூணு இருக்குங்களா மாமா?"

"பதிமூணு பகைம்மா. மனையடியில ஆகாது. பன்னண்டும் ஆகாது. ஆசாரிகிட்டச் சொல்லி பதினொண்ணா எறக்கிட்டேன்."

"இதென்ன வூடுங்களா, மனையடி பாக்க?"

"உள்ள ஒண்ணு குடியிருக்கப் போவுதுல்ல? அப்ப வூடுதான்."

தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடுத்த அறையில் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கத் தாள் கொடுத்துவிட்டு வந்தவள் வாசலிலேயே நின்றாள். போர்டு அவர் தொடையிடுக்கில் இருந்தது. கையில் அரம். வேட்டியெல்லாம் பச்சைத் தூள்.

"ஓரத்துல வெறும் தகடுதான். ஒரு இஞ்சு ராவிட்டா சொகமா நொழைஞ்சிடும்" என்றார். சொல்லும்போதே ஒரு சிவப்புத் துளி போர்டில் விழுந்தது.

பஞ்சவர்ணம் வெடுக்கென்று பிடுங்கினாள். வெற்றிலை எச்சிலை முந்தானையால் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு திருகாணி ஓட்டையின் விளிம்பு போயிருந்தது. மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகளுக்கு மயிரிழை தூரம் பாக்கி.

தேக்குப் பெட்டிக்குள் கிடந்த அளவுத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு உத்திராபதியின் ரேடியோ கடைக்கு ஓடினாள். பரணில் சிமெண்டு ஆலை கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர்த் தகரப் பெட்டிகள் மூன்று. ஒன்று நீளம் போதவில்லை. இன்னொன்றில் ஓட்டைகள் சேரவில்லை. மூன்றாவதைத் திறந்ததும் நாற்றம் மூக்கில் அறைந்தது. எலிப் புழுக்கை, கரப்பான் முட்டை, விரற்கடை சிமெண்டுத் தூசி.

"அய்ய, வுடுங்க டீச்சர். எலி குட்டி போட்ட பெட்டி அது."

"ஒரு குடும்பத்துக்கே தாராளமா இருந்திருக்கு. இதுக்கு இருக்காதா?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே கையை விட்டாள். தாள் சுருங்காமல் படிந்தது. சுற்றிலும் காற்றுக்கு விரல் ஓடும் இடம் இருந்தது. தாளின் நான்கு ஓட்டைக்கும் அடியில் திருகாணி மாட்ட நான்கு முளை. அதையே எடுத்துக்கொண்டாள். பினாயில் ஊற்றி மூன்று தரம் கழுவி வெயிலில் வைத்தும் இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று திருகாணியில் போர்டு நின்றது. சுவிட்சைப் போட்டாள். திரையில் பச்சை எழுத்து ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"சுவிட்சு போட நல்ல நேரம் பாத்துக் குடுத்தது யாரு?" என்று அய்யம்பெருமாள் கூட்டத்தைப் பார்த்தார். வாய் நிறையச் சாறு. துப்ப ஜன்னல் தேடினார்.

பஞ்சவர்ணம் தேக்குப் பெட்டியைத் திறந்து அவர் காலடியில் நகர்த்தினாள்.

"இதுலயே துப்புங்க மாமா. பதினொண்ணு. ராசியான அளவு."

அவருக்குத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.