ஏழு வாரப் பல்செட்

பல்செட்காரருக்கு நிதானம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி வாக்கில். சபையில் மூன்று நாள் தியானக் கூட்டம் நடத்த வந்த வெளியூர்ப் பிரசங்கியார், பரபரப்புதான் இந்தக் காலத்தின் பெரிய பாவம் என்றும், ஆண்டவர் எங்கேயாவது ஓடியதாக வேதத்தில் ஒரு வரி காட்ட முடியுமா என்றும் கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிப்போய்க் காரில் ஏறினார். அவர் ஓடியதைப் பல்செட்காரர் பார்க்கவில்லை. கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார்.

மறுநாளே வீட்டில் புதுச் சட்டம். கைபேசி பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போனது. கடைக்கு இனி பஸ் கிடையாது, ஐம்பது நிமிடம் நடைதான். ஆனால் கடையை எட்டரைக்குத் திறக்க வேண்டுமே? அதற்கு மனைவி பஸ்ஸில் முன்னால் போனாள். டப்பாவுக்குள் போன் அலறும்போது மூடியைத் திறந்து பதில் சொன்னதும் அவள்தான். சாப்பாட்டில் ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தடவை மென்றார். சாப்பிட்டதும் ஒரே ஒரு தட்டை எடுத்து, சோப்பு நுரையில் தேவ பிரசன்னத்தை உணர்ந்தபடி கால் மணி நேரம் கழுவினார். மிச்சப் பாத்திரங்களில் தேவ பிரசன்னம் இல்லை போலும், அவை மனைவிக்குப் போயின.

கடை என்பது பல் டாக்டரின் மாடிப்படிக்குக் கீழே எட்டடி நீள அறை. ஒரு மேஜை, மெழுகு உருக்கும் அடுப்பு, மெருகேற்றும் மோட்டார், சுவரோரப் பலகையில் வாய்களின் சாந்து அச்சுகள் வரிசையாக. இருபது வருஷமாக மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து மெழுகில் பல் அடுக்குகிறாள். யாராவது கேட்டால், "சும்மா ஒத்தாசைக்கு இருக்கா" என்பார். இப்போது அந்தச் சுவரில் 'பதறாத காரியம் சிதறாது' என்று அழகான கையெழுத்தில் ஒரு அட்டை தொங்கியது.

அந்த அட்டைக்குக் கீழேதான் வாசிப்பு ஐயா நாலாவது வாரமாக வந்து உட்கார்ந்தார். ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்து ஓய்வு பெற்றவர். ரயில்கள் அவர் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை என்றாலும், தாமதத்தை அவர் குரலில் கேட்டவர்களுக்குக் கோபம் வராது. முப்பது வருஷம் சபையில் ஞாயிறு தவறாமல் வேதம் வாசித்தார். கடைசி நாலு பற்களையும் பிடுங்கியபின் வார்த்தையெல்லாம் காற்றாகப் போனது. அவராகவே ஒதுங்கிக்கொண்டார். அந்த இடத்தில் தற்காலிகமாக வாசிக்க முன்வந்தவர் நம் பல்செட்காரர்.

"தம்பி, இன்னும் எவ்வளவு நாளாகும்?" என்றார் பெரியவர், உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு. "மாசக் கடைசித் திங்கட்கிழமை மகன் வீட்டுக்குப் போறேன். இனிமே அங்கதான். அதுக்கு முந்தின ஞாயிறு ஒரே ஒரு தடவை வாசிச்சிட்டுப் போயிடணும். ஒரு பிடி கடலையும் தின்னு பார்த்துடணும். பல்லு இருந்தப்ப கடலை வாங்க வழியில்ல, இப்ப கடலை இருக்கு."

"ஒவ்வொரு பல்லையும் ஜெபத்தோட வைக்கிறேன் ஐயா. இருபத்தெட்டுப் பல். ஒரு நாளைக்கு ஒண்ணு."

"இருபத்தெட்டு நாளா?"

"ஓய்வுநாளைச் சேர்க்காம."

பெரியவர் அட்டையைப் பார்த்தார். தடியை ஊன்றி எழுந்து போனார். அவர் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்த மனைவி, கையிலிருந்த அரத்தை மேஜையில் வைத்தாள்.

"ஏங்க, அந்த மனுஷன் மூணு மாசமா பாலும் சூப்புமா குடிச்சிட்டுக் கெடக்காரு. இது ரெண்டு நாள் வேலை."

"லாசருவுக்கு முடியலன்னு ஆள் வந்து சொன்னப்பகூட ஆண்டவர் ரெண்டு நாள் தங்கித்தானே போனாரு? பதறினாரா?"

"தங்கினாரு. அவருக்குச் செத்தவனை எழுப்பத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

பல்செட்காரர் மூச்சை நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி விட்டார். பதில் இல்லாததற்கு மௌனம் என்று பெயர் வைத்துக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது.

ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடலாம். அவருக்கு அந்த வாசிப்பு மேடை பிடித்துப்போயிருந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, மூச்சு விட்டு, கூரையைப் பார்த்து, அடுத்த வாக்கியத்துக்கு வருவார். ஆராதனை இருபது நிமிடம் நீண்டது. பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள். "எவ்வளவு நிதானமா வாசிக்கிறீங்க!" என்று வாசலில் நாலு பேர் சொன்னார்கள். பெரியவருக்குப் பல் வந்தால் மேடை போய்விடும் என்ற கணக்கு உள்ளே இருந்ததா என்று கேட்டால், சத்தியமாக இல்லை என்பார். ஆனால் பதினொன்றாவது பல்லோடு வேலை நின்று இரண்டு வாரமாகியிருந்தது.

பெரியவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கடைக்கே போகாமல் மொட்டைமாடியில் தனிமைத் தியானம் செய்தார். நடுநடுவே தேநீர் கேட்க வாய் திறந்தாலும் யாரும் இல்லை. மனைவி விடிந்ததும் கடைக்குப் போய்விட்டிருந்தாள். சனிக்கிழமை கடைக்கு வந்தபோது, பலகையில் பெரியவரின் அச்சு இருந்த இடம் காலியாக இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அன்று முழுக்க, மறுநாள் வாசிக்க வேண்டிய பகுதியை எங்கெங்கே நிறுத்துவது என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை. "இப்போது வேத வாசிப்பு" என்றார் போதகர். பல்செட்காரர் எழுந்தார், நின்றார், கண்மூடினார், நடு நடைபாதையில் மூச்சுக்கு ஒரு அடியாக நடக்க ஆரம்பித்தார். ஐந்தாவது வரிசையிலிருந்து மேடைக்குப் போக ஒன்றரை நிமிடம் பிடிக்கும். பாதி வழியில் இடப்பக்கம் டக், டக் என்று ஒரு சத்தம். வாசிப்பு ஐயா தடியை ஊன்றிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார். எழுபத்தெட்டு வயதுக்காரர் தன்னை முந்திப் போவதை அவர் நடைபாதை நடுவில் நின்று பார்த்தார். எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, இருமலாக மாறியது. முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் வர முடியாமல், கிட்டத்தில் இருந்த பெஞ்சில் பாடகர் குழுப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தார்.

பெரியவர் வாய் திறந்தார். பழைய குரல் அப்படியே வந்தது. ஒரு எழுத்து சிதறவில்லை. தூங்குகிறவர்கள் இருவரும் விழித்துக்கொண்டார்கள்.

பல்செட்காரரின் கண் பற்களில்தான் இருந்தது. முன்பல் ஒன்று இடதுபக்கம் கடுகளவு சாய்ந்திருந்தது. பெரியவரின் சொந்தப் பல் அப்படித்தான் இருந்தது. தான் செய்திருந்தால் ராணுவ வரிசைபோல் அடுக்கியிருப்போம் என்று அவருக்குத் தெரியும். யார் கை என்றும் தெரிந்தது. நல்ல வேலை என்பதும் தெரிந்தது, அதுதான் சுருக்கென்றது.

வாசித்து முடித்த பெரியவர் விடைபெறும் வார்த்தையாகச் சொன்னார்: "ஏழு வாரம் காத்திருந்தேன். ஆனா பாருங்க, எப்படிப் பொருந்தி உக்காந்திருக்கு! இதைச் செஞ்ச கையை ஆண்டவர் ஆசீர்வதிக்கணும்." சொல்லிவிட்டு, பல்செட்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சபை கைதட்டியது. "எழுந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க. நிதானத்தோட கனி இதுதான்!" என்றார் போதகர்.

அவர் எழுந்தார். சரியாக இரண்டு வார்த்தை போதும்: என் மனைவிதான் செய்தாள் என்பதில் 'என் மனைவிதான்' மட்டும் போதும். அவள் ஐந்தாவது வரிசையில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவர் மூச்சை இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விடுவதற்குள் பியானோ ஆரம்பித்துவிட்டது. "மௌனமே சாட்சி!" என்று போதகர் முழங்க, சபை எழுந்து பாடியது.

வீட்டில் தன் ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டே, "சொல்லணும்னுதான் எழுந்தேன்" என்றார்.

"பார்த்தேன்."

"அதுக்குள்ள பாட்டை ஆரம்பிச்சிட்டாங்க."

"ஆமா. அவங்களுக்கு என்ன அவசரமோ" என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாத்திரங்களைத் தன் பக்கம் இழுத்தாள்.

திங்கட்கிழமை காலை தியானத்தில் மனம் உட்காரவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, நடையென்றும் ஓட்டமென்றும் சொல்ல முடியாத வேகத்தில் பஸ் நிலையத்துக்குப் போனார். பெரியவரின் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்திலிருந்து கடலையை எடுத்து நறுக் நறுக்கென்று மென்றுகொண்டிருந்தார் ஐயா.

"ஐயா, அது நான் செஞ்சதில்ல. என் மனைவி செஞ்சது."

"தெரியுமே."

"தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து, மெழுகுல அடுக்கின பல்லை என் வாயில வச்சுக் கடிக்கச் சொன்னது யாரு? சனிக்கிழமை கொண்டாந்து மாட்டிவிட்டது யாரு? வாய் என்னோடது தம்பி."

வாயில் வைத்துப் பார்க்காமல் பல்செட் முடியாது என்பது தொழிலில் அரிச்சுவடி. இருபது வருஷத் தொழில்காரருக்கு அது ஞாபகம் வரவில்லை.

"அப்புறம் ஏன் ஐயா சபையில என்னையே பார்த்துட்டு..."

"பாவம், அந்தப் பிள்ளை ரெண்டு நாளா தூங்காத கண்ணோட வந்து நின்னுச்சு. நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். உங்க வாயிலதான் எல்லாப் பல்லும் இருக்கே."

புதுப் பல்லால் ஐயா கடித்த முதல் கடி கடலை அல்ல என்று பல்செட்காரருக்கு அப்போது புரிந்தது. ஐயா ஒரு பிடி கடலையை ஜன்னல் வழியாக அவர் கையில் போட்டார். பஸ் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.

ஒரு கடலையை வாயில் போட்டார். நாலே தடவை மென்று விழுங்கிவிட்டார். நிமிர்ந்தபோது எதிர்ச்சாரியில் கடைக்குப் போகும் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் மனைவி, மடியில் சாவிக்கொத்து. அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நேராகத் திரும்பிக்கொண்டாள்.

வேதத்தில் ஓடிய தகப்பன் ஒருவர் உண்டு. கெட்டுப்போன மகன் தூரத்தில் வருவதைக் கண்டதும் வயதையும் மரியாதையையும் பார்க்காமல் ஓடினார். அதைச் சொல்ல வெளியூர்ப் பிரசங்கியாருக்கு அன்று நேரமில்லை. இங்கே கெட்டுப்போனவரே ஓட வேண்டியிருந்தது. கையிலிருந்த கடலை தெருவெல்லாம் சிந்த, "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு பல்செட்காரர் அந்த பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினார்.