வடிபிடிக்கு வராத புகார்

சத்தம் போடுகிறவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வருவதில்லை. இஸ்திரிப்பெட்டியும் மின்விசிறியும் விற்கிற ஒரு கம்பெனியின் புகார் பிரிவில், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வசவு வாங்குவதுதான் அவள் உத்தியோகம். "உன் பெட்டியைக் கொண்டுபோய்க் குப்பையில போடு" என்று கத்துகிறவனுக்கும் "சொல்லுங்க சார், பதிவு பண்ணிக்கறேன்" என்றுதான் பதில். வீட்டுக்கு வந்தபிறகு யார் என்ன கேட்டாலும் ஒற்றை வார்த்தைதான் வாயிலிருந்து வரும். புருஷன் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கம்ப்ளைண்ட் மேடம்.

அந்தக் களைப்போடுதான் ஒரு நாள் கிழங்கு வெந்த பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தண்ணீரை வடித்தாள். மூடி நழுவியது. இடது மணிக்கட்டு முழுக்கக் கொப்புளம். அது ஆறுவதற்குள் வடிபிடி அவள் மண்டைக்குள் பிறந்துவிட்டது. மண்டையிலிருந்து வெளியே வரத்தான் வருஷக்கணக்காயிற்று.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாத்திரத்தின் விளிம்பைக் கவ்வுகிற ஒரு கைப்பிடி. அதிலிருந்து நீளும் ஒரு விரல் மூடியை அமுக்கிக்கொள்ளும். கைப்பிடிக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன வாய். அது வழியாகத் தண்ணீர் மட்டும் இறங்கும். ஒற்றைக் கையால் தூக்கி ஒரு சாய் சாய்த்தால் வேலை முடிந்தது. அட்டையில் வெட்டினாள், மெழுகில் செய்தாள், கடைசியில் அச்சு வெட்டுகிற மோல்டுக்காரரிடம் போய்ச் சாம்பிள் போட்டு வாங்கினாள்.

புத்தி சொல்ல ஆளுக்கா பஞ்சம்? காப்புரிமைக்கு எழுதிக்கொடுத்த வக்கீல், "பதிவு முடியற வரைக்கும் வெளி ஆள் கண்ணுல காட்டாதீங்க, சுட்டுடுவாங்க" என்றார். தொழில்முனையும் பெண்களுக்கென்று ஒரு கூட்டம் போட்டார்கள். மேடையில் இருந்தவர்கள் தன்னம்பிக்கை, தன்னம்பிக்கை என்று தொண்டை கிழியப் பேசினார்கள். டீ குடிக்கும் நேரத்தில், தரை துடைக்கும் மாப்பு ஒன்றைக் கண்டுபிடித்து விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னாள்.

"சொந்தக்காரங்ககிட்ட குடுத்து எப்படி இருக்குன்னு கேக்காதீங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க கையில குடுத்துட்டு, பக்கத்துல நின்னு வாயை மூடிட்டுப் பாருங்க. அவங்க தப்பாப் பிடிச்சாலும் சொல்லிக் குடுக்காதீங்க. நாக்கைக் கடிச்சுக்கிட்டு நில்லுங்க."

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் வக்கீல் காட்டிய பூச்சாண்டி பெரிதாக இருந்தது. வெளி ஆள் வேண்டாம் என்று அக்கா, சித்தி, நாத்தனார் மூவருக்கும் ஆளுக்கொரு சாம்பிள் கொடுத்தாள். மூன்று பேருமே நல்லா இருக்கு என்றார்கள். பதிவும் முடிந்தது. அதற்குப் பிறகு வெளி ஆளைத் தேடிப் போக அவளுக்குத் தெம்பு இல்லை.

இப்போது வடிபிடிக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் மோல்டுக்காரர். "இரும்புல வெட்டிட்டா வெட்டினதுதாம்மா. அப்புறம் வந்து இங்க இழுங்க, அங்க தள்ளுங்கன்னு நிக்கக் கூடாது. திங்கக்கிழமை காலையில சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மெஷினை ஓட விட்டுடறேன்." இன்னொருத்தி, பல கிளைகள் வைத்திருக்கும் பாத்திரக்கடையின் முதலாளியம்மா. "முன்பக்கம் ஒரு தட்டு உனக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கேன். சீசனுக்குள்ள சரக்கு வரலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் அக்கான்னு வந்து கண்ணைக் கசக்காத."

அந்தத் தட்டு காலியாகிக் காலியாகி நிறைந்தால் ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிடலாம். அவள் கணக்கு அவ்வளவுதான்.

"புழங்கின சாம்பிள் ஒண்ணு கொண்டாங்க, எங்க தேயுதுன்னு பாத்துக்கறேன்" என்று மோல்டுக்காரர் கேட்டிருந்தார். அதற்காக ஞாயிற்றுக்கிழமை மதியம், படுத்தால் போதும் என்றிருந்த உடம்பை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அக்கா வீட்டில் வடிபிடி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

"தினம் அதுலதான்டி வடிக்கிறேன். அது இல்லாம கை ஓடாது எனக்கு" என்றாள் அக்கா.

எடுத்துப் பார்த்தாள். கவ்வுகிற இடத்தில் ஒரு கீறல் இல்லை. வாயில் ஒரு பிசுக்கு இல்லை. தினம் வடித்த பிடி பிறந்த குழந்தை மாதிரி இருந்தது.

சித்தி வீட்டில் தேடவே வேண்டியிருக்கவில்லை. கூடத்துக் கண்ணாடி அலமாரியில் கோப்பைகளுக்கும் பொம்மைகளுக்கும் நடுவே நிற்கவைத்திருந்தாள். "வர்றவங்க எல்லாருக்கும் காட்டறேன். எங்க பொண்ணு கண்டுபிடிச்சதுன்னு."

"வடிச்சுப் பாத்தீங்களா சித்தி?"

"அய்யோ, அழுக்காயிடாதா?"

தெருவில் இறங்கி நடந்தபோது அவள் கால் தானாக மெதுவாயிற்று. இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவளுக்குத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு பொருளைப் புழங்குகிறவன் திட்டாமல் இருக்க மாட்டான். பிடி சுடுது, வயர் குட்டை, பட்டன் எடுப்பா இல்லை என்று ஏதாவது ஒரு சாக்கில் கூப்பிட்டுவிடுவான். வடிபிடியைப் பற்றி இதுவரை ஒரு வசவு வரவில்லை. அதை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஊரார் பொருளென்றால் சட்டென்று புரிந்திருக்கும்.

நாத்தனார் வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை. அவள் வாய் அப்படி. போனாள்.

"வாங்க விஞ்ஞானி" என்றாள் நாத்தனார். "என்ன, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க? எங்கண்ணன் சோறு போடலையா?"

"சாம்பிளைக் குடுங்க. திரும்ப வேணும்."

நாத்தனார் அடுப்புக்குக் கீழே குனிந்து, பழைய கரண்டிகளோடு கிடந்த வடிபிடியை எடுத்துப் போட்டாள். அது கறுத்திருந்தது. கவ்வுகிற பல் தேய்ந்திருந்தது. கைப்பிடியில் எண்ணெய்ப் பிசுக்கு.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க புழங்கினீங்களா?"

"புழங்கினதுக்குப் பரிசு பாருங்க." நாத்தனார் வலது கையைத் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டின் உள்பக்கம் ஆவி பட்டுத் தோலுரிந்து ஆறின தழும்பு. "சாய்ச்சா புஸ்ஸுன்னு நேரா இங்கதான் அடிக்குது. மூணு தடவை சுட்டுக்கிட்டேன். நாலாவது தடவை தூக்கிக் கடாசிட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? நாத்தனாருக்கு வயித்தெரிச்சல்னு சொல்லியிருப்பீங்க. உங்க அக்காகிட்ட சொல்லிச் சிரிச்சிருப்பீங்க. நமக்கெதுக்கு வம்புன்னு நல்லா இருக்குன்னுட்டேன்."

நாத்தனார் சொன்னது சரி. சொல்லியிருப்பாள்தான்.

"ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்க வெச்சு வடிச்சுக் காட்டுங்க" என்றாள். பக்கத்தில் நின்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாத்தனார் வலது கையால் பிடித்தாள். வாய் வலப்பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் சாய்க்க வேண்டுமென்றால் கையை வெளிப்புறமாகத் திருகித்தான் ஆகவேண்டும். திருகினால் மணிக்கட்டு நேராக ஆவிக்கு மேலே வந்து நின்றது. "ஸ்ஸ்" என்று பாதியிலேயே பாத்திரத்தைத் தொட்டியில் இறக்கினாள்.

"இப்ப நீங்க காட்டுங்க."

அவள் எடுத்தாள். இடது கையால் தூக்கி உள்பக்கமாகச் சாய்த்தாள். தண்ணீர் சமர்த்தாக இறங்கியது. கையில் ஒரு பொட்டு ஆவி இல்லை.

இருவரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"அடக் கடவுளே" என்றாள் நாத்தனார். "நீங்க பீச்சாங்கைப் பழக்கமாச்சே! கல்யாணமாகி வந்தப்ப எங்கம்மா இதுக்கே ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தாங்க. அப்புறம் எல்லாருக்கும் மறந்தே போச்சு."

அவளுக்கும் மறந்துபோயிருந்தது. உலகத்துக்கென்று செய்தாள், தன் கைக்கு மட்டும் பொருந்தியது. உட்கார நாற்காலி தேடாமல் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய் வெச்சா?" என்றாள் நாத்தனார்.

"ரெண்டுலயும் ஆவி வரும். ஒண்ணை மூட ஒரு தகடு வேணும். முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"அந்தக் கடைக்காரம்மா காத்திருப்பாங்களா?"

"மாட்டாங்க."

நாத்தனார் தொட்டியில் கிடந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அவள் அங்கேயே உட்கார்ந்தபடி மோல்டுக்காரரைப் போனில் கூப்பிட்டாள். "வெட்டாதீங்க" என்றாள்.

"என்னம்மா இது, நாளைக்கு மெஷின் காலியா நிக்குமே! ஆளுக்கு என்ன பதில் சொல்ல? நல்லாத்தானே இருந்துச்சு சாம்பிள்?"

"நீங்க வடிச்சுப் பாத்தீங்களா?"

"நான் எங்கம்மா வடிச்சேன்? அளவு பாத்தேன்."

"வெட்டாதீங்க."

சீசன் வந்தது. பாத்திரக்கடையின் முன்பக்கத் தட்டில் யாரோ செய்த பூண்டு நசுக்கிகள் அடுக்கியிருந்தன. பஸ்ஸிலிருந்தே அவற்றைப் பார்த்தாள், இறங்கவில்லை. ஹெட்செட் காதிலேயே இருந்தது. "எப்ப உலகத்தை விலைக்கு வாங்கப் போறே, கம்ப்ளைண்ட் மேடம்?" என்று புருஷன் கேட்டான். "தூங்கணும்" என்றாள்.

புதுச் சாம்பிள் தயாரானதும் அக்காவுக்கும் சித்திக்கும் கொடுக்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவளுக்கு ஒன்று, ஆபீஸ் கேன்டீனுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று.

அடுத்த வாரம் சாப்பாட்டு இடைவேளையில் போன் அடித்தது. நாத்தனார்.

"என்ன எழவைச் செஞ்சு வெச்சிருக்கீங்க? அந்தத் தகட்டுக்குள்ள போய்ப் பருப்பெல்லாம் அடைச்சுக்குது. குச்சி வெச்சு நோண்ட வேண்டியிருக்கு. இதுல ஊருக்கு வேற விக்கப் போறாங்களாம்!"

அவள் சாப்பாட்டை ஒதுக்கி வைத்தாள். இருந்த அசதியில் குரல் தானாக ஆபீஸ் குரலாகவே வந்தது.

"சொல்லுங்க மேடம். எந்தப் பக்கம் அடைக்குது?"