ஆல்வின் தோர்லியின் குளத்து மோட்டார்

பக்கத்து வீட்டுக் குளத்து மோட்டார் மூன்று வாரமாக அலறிக்கொண்டிருந்தது. குளத்துக்கு வெளியே, வேலியை ஒட்டி ஒரு மரப்பெட்டிக்குள் அது உட்கார்ந்திருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் என் சமையலறை ஜன்னல்.

வீட்டுக்காரர் ஆல்வின் தோர்லி சிட்னியில் முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்றதும் எங்கள் சின்ன ஊரான பேகாவுக்குக் குடிவந்தார். வாங்கிய வீட்டோடு தோட்டத்துக் குளமும், குளத்தோடு கொய் என்ற அலங்கார மீன்கள் நான்கும் ஒட்டிக்கொண்டு வந்தன. மனிதர் மீன் கேட்கவே இல்லை. ஆனால் அதில் பெரியதற்கு இருபத்தெட்டு வயசு என்று விற்றவர்கள் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, தன் கையால் அது செத்துவிடக் கூடாதே என்று தினமும் நாலு தடவை குளத்தை எட்டிப் பார்ப்பார்.

பிப்ரவரியில், இங்கே நல்ல கோடை, ஒரு சனிக்கிழமை காலை, பொறுக்க முடியாமல் வேலியோரம் போய் நின்றேன்.

"ஆல்வின், உங்க மோட்டார் கத்துறது உங்க காதுல விழுதா இல்லையா?"

"விழாம என்ன, நோலா? போன வாரத்துக்கு இந்த வாரம் ஒரு ஸ்வரம் மேல ஏறியிருக்கு. நோட்டுல குறிச்சு வெச்சிருக்கேன்."

"குறிச்சா வெச்சிருக்கீங்க? சரி, வேற என்ன பண்ணீங்க?"

"கடையில கேட்டேன். பேரிங் போயிடுச்சாம். புது மோட்டார் வர மூணு வாரம் ஆகுமாம்."

"இது கத்துற கத்துக்கு மூணு நாள் தாங்காது. நான் பிரிச்சுப் பாக்கட்டுமா?"

அவர் என் செருப்பையும் ஏப்ரனையும் பார்த்தார். "உங்களுக்கு இதெல்லாம் பழக்கமா?"

"இந்தப் பள்ளத்தாக்குல என் கை படாத பால் கறக்குற மெஷினே கிடையாது. இருபத்தாறு வருஷம் அதுதான் பொழப்பு. நகருங்க வாத்தியாரே."

ஸ்விட்சை அணைத்தேன். சத்தம் நின்றது. கூடவே, மோட்டார் தண்ணீரை ஏற்றிக் குளத்துக்குள் கொட்டவைக்கும் சின்ன அருவியும் நின்றது. ஆல்வின் முகம் வெளுத்துவிட்டது.

"மூச்சுக்கு என்ன பண்ணும் இந்த மீனுங்க? இன்னிக்கு முப்பத்தாறு டிகிரின்னு சொல்லியிருக்காங்க!"

"பூவாளி இருக்கா? குளத்துத் தண்ணிய மொண்டு உசரத்துலேர்ந்து ஊத்துங்க, காத்து கலக்கும். குழாய்த் தண்ணிய மட்டும் விட்டுடாதீங்க, குளோரின்."

ஒரு முக்காலியைப் போட்டு ஏறி நின்று ஊற்ற ஆரம்பித்தார். ஒரே சீராக, வாய்க்குள் தாளம் எண்ணிக்கொண்டு.

"மீனுங்க கோரஸ் பாடப்போகுதா?"

"எண்ணலேன்னா கை ஓஞ்சுடும். நீங்க உங்க வேலையப் பாருங்க மெக்கானிக் அம்மா."

இரண்டு பக்கத்து வால்வையும் மூடி, குழாய்களைக் கழற்றி, மோட்டாரைப் புல்தரையில் வைத்துப் பிரித்தேன். முன்பக்க மூடியைத் திறந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. தண்ணீர் வெளியே வராமல் தடுக்கும் சீல் தேய்ந்து, மோட்டாரின் சுழலும் தண்டைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அந்த வழியாகக் கசிந்த தண்ணீர்தான் பேரிங்கைத் தின்றிருக்கிறது. விரலால் சுற்றினால் மணலை அரைக்கிற மாதிரி கரகரத்தது. அதே அளவில் புது பேரிங் என் ஷெட்டிலேயே இருந்தது. சீலுக்கு, மதியம் அடைப்பதற்குள் பாசனச் சாமான் கடைக்கு வண்டியை விரட்டினேன்.

திரும்பி வந்தபோது ஆல்வின் இன்னும் முக்காலி மேல்தான் நின்றிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பெரிய மீன் மட்டும் அடியில் அசையாமல் கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பூவாளியை வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்குள் அனுப்பினேன்.

"தண்ட ஃப்ரீசர்ல வைங்க. பேரிங்க ஓவன்ல வைங்க, லேசான சூட்டுல. குளுந்தது சுருங்கும், சுட்டது விரியும், தட்டாமலே ஏறிடும்."

"எவ்வளவு நேரம் வேகணும்?"

"கேக் இல்ல ஆல்வின், குச்சி விட்டுப் பாக்குறதுக்கு. பதினஞ்சு நிமிஷம்."

பேரிங் வழுக்கிக்கொண்டு ஏறியது. அவர் கைதட்டிவிட்டு, ஆர்வத்தில் புது சீலின் பளபளப்பான முகத்தை விரலால் தடவினார்.

அவர் கையைத் தட்டிவிட்டேன். "ஐயோ, தொடாதீங்க! கையில இருக்குற எண்ணெ பட்டா ஒழுகும். பள்ளிக்கூடத்துல எத்தன பிள்ளைங்க கைய இப்படித் தட்டியிருப்பீங்க!"

துடைத்துப் பூட்டி, பம்புக்குள் தண்ணீர் நிரப்பி, நான்கு மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன். அலறல் போய்விட்டது. ஆனால் தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குகிற மாதிரி புதிதாக ஒரு சத்தம். அருவியில் தண்ணீர் நூல் மாதிரி வழிந்தது. கல் ஏதாவது மாட்டியிருக்கும் என்று மறுபடி திறந்தேன். ஒன்றுமில்லை. மூடிப் போட்டேன். அதே சத்தம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஆல்வின் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது தேயுற சத்தம் இல்ல நோலா. இது மூச்சு இழுக்குற சத்தம். சில பசங்க வரிக்கு நடுவுல திருட்டு மூச்சு வாங்குவாங்க, அந்த மாதிரி."

மண்டியிட்டு, குளத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி வரும் குழாய் மேல் காதை வைத்துத் தவழ்ந்தார். லாவண்டர் செடியைத் தாண்டி வந்து, பம்போடு குழாய் சேரும் இடத்தில் நின்றார். "இந்தப் பையன்தான்."

"ஷேவிங் நுரை எடுத்துட்டு வாங்க."

"அதுக்கு மீசை வேற இருக்கா?"

நுரையை இணைப்பைச் சுற்றி அப்பினேன். ஓர் இடத்தில் மட்டும் அது உள்ளே குழிந்து மறைந்தது. காற்று அங்கேதான் போகிறது. அணைத்துக் கழற்றினால், ரப்பர் வளையம் ஓரத்தில் மடிந்து பிதுங்கியிருந்தது. காலையில் சரியாக இருந்த வளையம். திருப்பி மாட்டும்போது அவசரத்தில் முறுக்கியது நான்.

"இத யார் மாட்டுனது?" என்று ஆல்வின் கேட்டார். பதில் அவருக்குத் தெரியும்.

"ஒரு மெக்கானிக் அம்மா."

"இருபத்தாறு வருஷ அனுபவம்னு கேள்விப்பட்டேன்."

"வாய மூடிட்டு அந்த வேஸ்லின் டப்பாவக் குடுங்க."

வளையத்தில் தடவி, நேராக உட்காரவைத்து, கையாலேயே இறுக்கினேன். இந்த முறை ஸ்விட்சைப் போட்டதும் மெல்லிய ஒரு முனகல், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அருவி பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. மூன்று மீன்கள் அதன் அடியில் போய் முட்டிக்கொண்டன. பெரியது மட்டும் வரவில்லை. நாங்கள் இருவரும் குளத்து விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிஷம் கழித்து அது மெதுவாக மேலே வந்து, நுரைக்கு நடுவில் வாயைத் திறந்து மூடியது. ஆல்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நனைந்த சட்டையாலேயே.

பிறகு தோட்டத்து அடுப்பில் சாசேஜ் சுட்டார். நாலில் மூன்றைக் கருக்கிவிட்டார். நான் அதைப் பற்றி நிறையப் பேசினேன்.