கீழ்ப்பாதிக்காரர்

கிளட்ச் தேய்ந்ததும் சென்னியப்பனின் கார் தானாகவே வீட்டுக்குள் வந்து, ஹாலில் நான்கு செங்கல் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பச்சை நிறம். இரண்டே ஸீட். அறுபத்தொன்றில் வெள்ளைக்காரன் பந்தயத்துக்கென்று செய்த வண்டி. வாசல் நிலை மூன்றடி அகலம். எப்படி உள்ளே வந்தது என்று கேட்கிற அளவுக்கு மரியாதை தெரியாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

பழைய கிளட்ச் பிளேட்டைக் கழற்றிப் புதியதை மாட்டப் பதினொரு மாதம் ஆயிற்று. அதுவரை கியர்பாக்ஸ் கட்டிலில் படுத்தது. அவர் மனைவி துளசிமணி தரையில் படுத்தாள். கியர்பாக்ஸுக்குக் குளிருமென்று போர்வையையும் அவர் அதற்கே கொடுத்துவிட்டார்.

இன்று பொள்ளாச்சியில் துளசிமணியின் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. மதியச் சாப்பாட்டுக்குள் இந்தக் காரில் கூட்டிப்போனால் திரும்பி வருவதாகவும், பஸ்ஸில் அனுப்பினால் அண்ணன் வீட்டோடு இருந்துகொள்வதாகவும் காலையில் சொல்லியிருந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார்.

ஒரு வேலைதான் பாக்கி. கிளட்ச் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே ஒருவர் குழாயின் திருகைத் திறந்து, குமிழ் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

துளசிமணி பட்டுப்புடவையோடு ஸீட்டில் உட்கார்ந்தாள். சென்னியப்பன் அடியில் புகுந்தார்.

"மிதி."

"மிதிச்சாச்சுங்க."

குமிழ் வந்தது. மூடினார். விடச் சொன்னார். மறுபடி மிதிக்கச் சொன்னார். இரண்டாவது "மிதிச்சாச்சுங்க" வாசலிலிருந்து கேட்டது. மூன்றாவது, பொள்ளாச்சி ரோட்டு உக்கடத்திலிருந்து. அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். நான்கு சக்கரமும் இருந்தன. சக்கரங்களுக்கு மேலே வண்டி இல்லை, ஹால் மின்விசிறி தெரிந்தது. குமிழ் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

நான்காவது முறை மிதித்த காலை அவள் எடுக்காமல் வைத்திருக்கும்போது, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஹாலுக்குள் வந்து குந்தி உட்கார்ந்தார். இந்த வண்டியின் மேல்பாதி நியூட்ரலில் கிணத்துக்கடவைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்றார். ஓட்டுகிற அம்மா ஒழுங்காகத்தான் ஓட்டுகிறாராம், அதில் குறையில்லையாம். கீழ்ப்பாதிக்கு ஆள் யார் என்றுதான் தெரிய வேண்டுமாம்.

"நான்தான்."

"அத்தாட்சி?"

சென்னியப்பன் கிரீஸ் அப்பிய கையைக் காட்டினார். அது போதாதென்று வந்தவர் ஒரு படிவத்தை நீட்டினார். கீழே இருப்பவர்கள் நிரப்புவது. மேலே இருப்பவர் பெயர்: துளசிமணி. உறவு: மனைவி. மேலே இருப்பவரைக் கடைசியாக நேருக்கு நேர் பார்த்த தேதி. அந்த இடத்தில் சென்னியப்பன் வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு பதினொரு மாதத்துக்கு முந்திய ஒரு தேதியைப் போட்டார். காக்கிச் சட்டைக்காரர் அதைப் படித்துப் பார்த்து, எல்லாரும் ஏறக்குறைய இதையேதான் போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொள்ளாச்சியில் மேளம் கேட்டது. குழந்தை ஒரு காதுக்கு அழுது, கொஞ்சம் யோசித்து, மறு காதுக்கும் அழுதது. இலை விரிக்கும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, கால எடுத்துரட்டுங்களா?"

திருகை அவர் எப்போதோ மூடியிருந்தார். வேலை முடிந்துவிட்டது. விடு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். ஆனால் காலை எடுத்தால் அவள் இறங்குவாள். இறங்கினால் பந்தியில் உட்காருவாள். உட்கார்ந்தால் அண்ணன் வீட்டோடு இருந்துவிடுவாள். மிதித்துக்கொண்டிருக்கும்வரை அவள் இந்த வண்டியில்தானே இருக்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் காத்து இருக்குது," என்றார்.

பொள்ளாச்சியில் சாம்பார் முடிந்து ரசம் வந்தது.

"பொய் சொல்லாதீங்க. பெடலு கல்லாட்டம் நிக்குது. காத்துப் போயி ஒரு மணி நேரமாச்சு."

"அப்பறம் ஏன் மிதிச்சுட்டு உக்காந்திருக்கற?"

"நீங்க விடச் சொல்லுலீங்களே."

சென்னியப்பன் ஸ்பானரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ஃபர்ஸ்ட் கியர் போட்டு வெச்சிருக்கறனுங்க," என்றாள் அவள். "நான் மிதிச்சுட்டே இருந்தா கீழ இருக்கறது எப்படீங்க நகரும்? பதினொரு மாசமா அதத்தான கழட்டி மாட்டுனீங்க."

கிளட்சை மிதித்தால் பிரியும், விட்டால் சேரும். தெருவில் நாலு பேருக்கு அவரே விளக்கியிருக்கிறார்.

"விடு," என்றார்.

கீழ்ப்பாதி அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிளம்பியது. ஒரு குலுக்கல் இல்லை. பிளேட் சுத்தமாகப் பிடித்திருந்தது. மல்லாந்தபடியே உக்கடத்தைத் தாண்டும்போது, மச்சான் வீட்டுப் பந்திக்கு இந்த ஆயில் வேட்டியோடு போவதா என்ற ஒன்றுதான் அவரை உறுத்தியது. பொள்ளாச்சியில் துளசிமணி, பக்கத்து இலையை யாரும் மடக்கிவிடாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மோரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.