நாலாவது பாட்டு

என் அண்ணன் பல் டாக்டர். அவன் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது நான். அவனுக்குப் பாட்டுப் பைத்தியம். சினிமாப் பாட்டு இல்லை; யாரோ நாலு பேர் மொட்டைமாடியில் கிடாரோடு உட்கார்ந்து, தாங்களே எழுதிப் பாடி வெளியிடும் ஆல்பங்கள். வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை. அதனால் நோயாளிகளைப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் எதிர்த்துப் பேச முடியாதே!

“இந்த ஆல்பத்த அவசியம் கேளுங்க. எப்படி இருக்கு?” என்பான், பாட்டை ஓடவிட்டுப் பல்லைக் குடைந்துகொண்டே.

“ஆ...” என்பார்கள்.

“பாத்தியா, இவருக்கும் பிடிச்சிருக்கு!” என்று என்னிடம் பீற்றல் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் பல் அடைத்துக்கொண்டு போயிருந்த, வேன் ஓட்டும் அம்மா ஒருவர் நேற்று திரும்ப வந்தார். அடைத்தது விழுந்துவிட்டதோ என்று எனக்குப் பகீரென்றது.

“பல்லு நல்லாத்தான் இருக்கு. அந்த ஆல்பத்துல நாலாவது பாட்டு வரும்போது பாத்து டாக்டர் மெஷினைப் போட்டுட்டாரு, அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. விட மனசில்லாம வேன்ல போட்டுக் கேட்டேன். அதுதாம்மா உசுரே!”

சத்தம் கேட்டு வெளியே வந்த அண்ணன் வழக்கம்போல் ஆரம்பித்தான். அவர் கையை உயர்த்தினார்.

“இருங்க டாக்டர், இப்ப என் முறை. நான் ஒண்ணு கொண்டாந்திருக்கேன்.”

நோயாளி நாற்காலியில் அண்ணனைச் சாய வைத்து, போனில் பாட்டைப் போட்டார். முடிந்ததும் கேட்டார்: “எப்படி இருக்கு?”

“ஆ...” என்றான் அண்ணன்.

அவனுக்கு யாரும் மரத்துப்போகும் ஊசி போடவில்லை.