சிவந்த மாப்பிள்ளை

“என் கிட்னியத் திருப்பிக் குடுண்ணே.”

இதை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது என்று ஆபரேஷனுக்கு முன்பே அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கேட்டுவிட்டேன். விருமாண்டி அண்ணன் ரத்தப் பொரியலை மென்றபடி நிமிர்ந்தான்.

“எதுல வச்சுக் கொண்டுபோவ? உன் ஹேண்ட்பேக்லயா?”

இரண்டு வருஷத்துக்கு முன் கிட்னி கெட்டு, சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தவன். பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். பிறகு வேலூரில் என் இடது கிட்னியை வைத்தார்கள். அது நன்றாக வேலை செய்கிறது. இப்போது ரத்தம்தான் அளவுக்கு மேல் ஊறுகிறது. நூறு பங்கில் அறுபத்திரண்டு பங்கு சிவப்பணு என்று ரிப்போர்ட். ஒரு பாட்டில் எடுத்துக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் உறைந்து மூளையிலோ கிட்னியிலோ அடைக்கும் என்றார் டாக்டர். சொல்லி மூன்று வாரமாகிறது.

பரவையிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், “என்னா செவப்பு!” என்று அசந்து போனார்கள். கிட்னி விஷயம் அவர்களுக்குத் தெரியாது. அவன் வயிற்றுத் தழும்புக்கு அப்பெண்டிக்ஸ் என்று பெயர் வைத்தாயிற்று. என் இடுப்புத் தழும்புக்கு இன்னும் வைக்கவில்லை.

“கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாள்தான் கெடக்கு,” என்றாள் அம்மா. “அம்புட்டையும் உறிஞ்சிட்டா அவன் மணவறையில வெளுத்துப்போயி உக்காரவா?”

“ஒரு பாட்டில்தாம்மா.”

“ஒவ்வொரு பாட்டிலும் கெஞ்சி வாங்கி ஏத்துனது. கொட்டச் சொல்றான், அவனும் ஒரு டாக்டரு!” அண்ணன் தட்டில் இன்னொரு கரண்டி பொரியல் விழுந்தது.

“கண்ணு மங்குதுன்னியேண்ணே?”

“அது வெயிலுக்கு.”

“காலையில ஆறு மணிக்கா?”

“தாலியக் கட்டிட்டு வாரேன், போ.”

அன்னக்கொடி என்பது கல்யாணப் பெண்ணின் பெயர். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, “உங்க அண்ணனுக்குக் கோவம் வருமா?” என்று. வராது என்று சொன்னேன். அது உண்மை.

அலமாரியிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து மடித்துக்கொண்டேன். செருப்பை மாட்டினேன்.

“எங்கடி கெளம்பிட்ட?”

“பரவைக்கு. பொண்ணு வீட்டுக்கு.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “அடியே, கல்யாணம் நின்னுரும்டி! உன்னய பி.எஸ்ஸி. படிக்க வச்சேன் பாரு!”

“நிக்கட்டும். நின்னா அண்ணன் வெளுக்கலாம்ல.”

அண்ணன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். “தலைய வலிக்குது தங்கம். தைலத்த எடுத்துக் குடுத்துட்டுப் போ.”

கொடுக்காமல் படி இறங்கினேன்.